மழைக்காடு, தீவு, கிராமத் தொண்டு: 12 நாளில் மலேசியா போக நினைக்கும் காரைக்குடித் தம்பிக்கு

காரைக்குடியில் கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நண்பர்கள் நாலு பேர் ஜூன் கடைசியில் 12 நாள் மலேசியா போகிறோம். மழைக்காட்டில் நடக்க வேண்டும், தீவில் கடலுக்குள் மீன் பார்க்க வேண்டும், ஒரு கிராமத்தில் தங்கித் தொண்டு வேலை செய்ய வேண்டும். ஒரு நிறுவனம் மூன்றையும் சேர்த்து, இடத்துக்கு நாலு நாள் என்று விற்கிறது. அதை வாங்கலாமா, நாங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாமா? அம்மாவுக்கு அட்டை என்றாலும் கடல் என்றாலும் பயம்."

நீங்களே ஏற்பாடு செய்யலாம் தம்பி. தீபகற்ப மலேசியாவின் கிழக்குப் பாதியில் இந்த மூன்றும் வரிசையாகவே கிடக்கின்றன. திருச்சியில் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். அங்கிருந்து பஸ்ஸில் பகாங் மாநிலத்துக் கிராமம், அதே மாநிலத்தில் தாமான் நெகாரா காடு. காட்டுக்குப் பக்கத்து ஊரான ஜெராந்துட்டில் ரயில் ஏறினால் வடக்கே கிளந்தான், அதற்கப்புறம் பெர்ஹெந்தியான் தீவுகள். ஜூன் நல்ல மாதம். ஐப்பசி கார்த்திகையில் நம் கண்மாய்களை நிரப்புகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். அப்போது தீவில் பெரும்பாலான விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள்.

அந்த நிறுவனத்தின் திட்டத்தில் எனக்குச் சரியாகப் படாதது இரண்டு. மூன்றுக்கும் சமமாக நாள் பிரித்தது ஒன்று, கிராமத்தைக் கடைசியில் வைத்தது இன்னொன்று. காட்டில் நடந்து, கடலில் ஊறி, துணியெல்லாம் அழுக்காகி, மனசு பாதி வீடு திரும்பிய நிலையில் ஒரு குடும்பத்தின் வாசலில் போய் நிற்பீர்கள். அவர்களுக்கு அப்போது உங்களால் என்ன பிரயோஜனம்? கிராமத்தை முதலில் வையுங்கள். நாலு இரவு அங்கே, மூன்று இரவு காட்டில், ஓர் இரவு வழியில், மூன்று இரவு தீவில். முதல் நாலு நாளில் அந்த ஊர் வெக்கையும் சாப்பாடும் பழகிவிடும், பத்து மலாய் வார்த்தையும் வாயில் வரும். காட்டிலும் படகிலும் அது கைகொடுக்கும்.

தொண்டு வேலை பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவதும் மனசு புண்படுவதும் அதில்தான். நம் ஊருக்கே இப்படி ஒரு குழு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமம். வந்தவர்கள் பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள்; போன வருஷம் வந்த குழு அடித்த வண்ணமே இன்னும் நன்றாக இருக்கிறது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் சீமைக்கருவேலம் மண்டித் தூர்ந்து கிடக்கிறது; மழைக்கு முன்னால் அதை வெட்டிவிட ஆள் இல்லாமல் ஊர் தவிக்கிறது. வந்தவர்கள் அதைக் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சியை நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நீங்கள் அங்கே போய் அந்தக் குழுவாக இருந்துவிடக் கூடாது. "நாங்கள் இதைச் செய்கிறோம்" என்று ஆரம்பிக்காதீர்கள், "இந்த மாதம் உங்களுக்கு ஆள் பத்தாத வேலை எது?" என்று கேளுங்கள்.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு பொறுப்பு இருப்பதாக நினைக்கிறேன். நகரத்தார் என்கிற செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் இருந்த காலத்தில், மலாயாவில் காடு அழிந்து ரப்பர் தோட்டம் பரவியது. சின்னச் சின்ன ரப்பர் நிலக்காரர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் முக்கியமானவர்கள். கடன் திரும்பாதபோது நிலம் கைமாறியது. மலாய்க்காரர் நிலம் அப்படிக் கைமாறுவதைத் தடுக்க ஆங்கிலேயர் 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குக் காரணமாகச் செட்டியார்கள் பெயரும் அன்றைய பேச்சில் அடிபட்டது. இதற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. அந்தப் பணம் இல்லாமல் பல சிறு விவசாயிகள் ரப்பர் நட்டே இருக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் நம் ஊர்ப் பெரிய வீடுகளின் வரவுசெலவுக் கணக்கில் அந்த மண்ணும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போகிறவன், மலாய்க் கிராமத்து வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போதே கொஞ்சம் பணிவாக இருப்பான்.

எந்தக் கிராமம்? மலேசிய அரசின் ஹோம்ஸ்டே திட்டம் 1995-இல் தொடங்கியது, முதலில் எடுத்தது பகாங்கில் தெமெர்லோ பக்கத்து தேசா முர்னி. கோலாலம்பூரிலிருந்து காட்டுக்குப் போகிற வழியிலேயே இருப்பதால் உங்களுக்கு அலைச்சல் இல்லை. இந்த மாதிரி பதிவுபெற்ற ஊர்களில் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். விருந்தாளிகளை வீடுகளுக்குப் பிரித்து அனுப்புவது அவர்தான். தனி விடுதி கிடையாது, குடும்பத்தோடுதான் தங்கல். தரையில் உட்கார்ந்து வலது கையால் சாப்பாடு. தெமெர்லோவில் பாத்தின் மீன் பேர்போனது. புளிக்கவைத்த டுரியான் விழுதைப் போட்டுக் குழம்பு வைப்பார்கள். முதல் வாய் முரண்டு பிடிக்கும், மூன்றாவது நாள் நீங்களே கேட்டு வாங்குவீர்கள். உங்களில் சைவம் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்கறியில்கூட உலர்ந்த இறால் விழுது சேரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் அப்படியே. மதுவை அந்த வீடுகளுக்குள் கொண்டுபோகவே கூடாது. சாயங்காலம் குளித்துவிட்டுக் கைலி கட்டிக்கொண்டு வாசலில் உட்காரலாம், அங்கே ஆண்களும் அதைத்தான் கட்டியிருப்பார்கள்.

வேலை என்று பெரிய பெயரில் எதுவும் இருக்காது. கல்யாணம் காட்சி வந்தால் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆண்களும் முந்தின நாளே கூடி வெங்காயம் உரித்து, தேங்காய் திருகி, கறி வெட்டி, ராத்திரி முழுக்கப் பெரிய சட்டிகளில் சமைப்பார்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிப் பழகிய உங்களுக்கு அது அந்நியமாகவே படாது. அரிவாள்மனைக்குப் பதில் கத்தி, அவ்வளவுதான். இல்லாவிட்டால் பழத்தோட்டத்தில் களை எடுப்பது, மசூதியைச் சுற்றி ஊர் கூடிச் சுத்தம் செய்வது. ரப்பர் மரம் வைத்திருக்கும் வீடாக இருந்தால் விடிவதற்கு முன்னால் எழுப்பச் சொல்லுங்கள். தலையில் விளக்கோடு ஒருவர் மரத்துக்கு மரம் போவார். பட்டையில் முந்தின வெட்டுக்குக் கீழே, சாய்வாக, நகக்கண் அளவுக்குச் சீவுவார். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது. வெட்டின கோடு வெள்ளையாகி, பால் சொட்டுச் சொட்டாகக் கோப்பைக்கு இறங்கும். ராத்திரி மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. கத்தியை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். கோப்பையில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமக்கலாம். அந்தச் சுமைதான் உதவி.

இரண்டு காரியத்துக்கு ஒப்புக்கொள்ளவே வேண்டாம். ஒன்று, பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் பாடம் நடத்துவது. வாத்தியார் வேலை பயிற்சி உள்ளவர்களுடையது. வாராவாரம் புது முகம் வந்து ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளின் படிப்புதான் கெடும். இன்னொன்று, ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் விளையாடிவிட்டு வருவது. ஒட்டிக்கொண்ட பிள்ளையை மூன்றாம் நாள் உதறிவிட்டு வருவது தொண்டில் சேராது. தவிர, நீங்கள் போவது சுற்றுலா அனுமதியில். அதில் வேலை பார்க்கக் கூடாது. தங்கிய வீட்டுக்கு ஒத்தாசை செய்வது வேறு, ஒரு அமைப்பின் பெயரில் முறையாகப் பணி செய்வது வேறு. இரண்டாவது வகையாக இருந்தால் அனுமதி பற்றி அந்த அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடம் நமக்கு வேண்டாம்.

"தொண்டு செய்யப் போகிற நாம் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?" என்றும் தம்பி கேட்டிருந்தார். கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் நாலு பேருக்கும் சாப்பாடு, படுக்கை, தண்ணீர், வழிகாட்ட ஒரு ஆள் என்று அவர்களுக்குச் செலவு இருக்கிறது, நீங்கள் செய்யும் வேலை அதை ஈடுகட்டாது. நீங்கள் பார்க்க வேண்டியது தொகையைக்கூட இல்லை, அதில் எவ்வளவு அந்த வீட்டுக்காரம்மா கைக்குப் போகிறது என்பதைத்தான். மூன்றையும் சேர்த்து விற்கும் நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள். நேராகப் பதில் வந்தால் வாங்கலாம், நல்ல நிறுவனங்களும் உண்டு.

அடுத்தது காடு. தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர். பகாங், கிளந்தான், தெரெங்கானு என்று மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது. சுற்றுலாக்காரர்கள் இறங்கும் ஊர் கோலா தாஹான். ஜெராந்துட்டிலிருந்து சாலையிலும் போகலாம். கோலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து ஆற்றுப் படகு ஓடுகிறதா என்று விசாரித்து, ஓடினால் அதிலேயே போங்கள். இரண்டரை மூன்று மணி நேரம், இரண்டு கரையிலும் காடு.

நாம் வறண்ட சீமைக்காரர்கள். நம் வெயில் கடுமையானது, ஆனால் வேர்வை காய்ந்துவிடும். அங்கே காயாது. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டும், சாயங்காலம் வரை ஒட்டியே இருக்கும். நம் ஊரில் பத்துக் கிலோமீட்டர் நடப்பவனுக்கு அங்கே நாலு கிலோமீட்டர் போதும் போதும் என்றாகிவிடும். அதைக் கணக்கில் வைத்து நாளைத் திட்டமிடுங்கள். தொங்கு நடைபாதை மரக்கிளைகளின் உயரத்தில் கட்டியது. பழுதுபார்க்க அடிக்கடி சில பகுதிகளை மூடுவார்கள், போகும் முன் கேளுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது பும்புன் என்கிற மறைவிடம். விலங்குகள் நக்க வரும் உப்புமண் திட்டைப் பார்த்தபடி, உயரக் கால்கள்மேல் நிற்கும் மரக்குடில். ராத்திரி அங்கே தங்கினால் குட்டித் தும்பிக்கை மாதிரி மூக்குள்ள தப்பிர் என்கிற விலங்கு வரலாம், மான் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். புலியை எதிர்பார்க்காதீர்கள், மலாயாப் புலி நாடு முழுக்க 150-க்கும் குறைவு என்பதுதான் கணக்கெடுப்பு சொல்வது. காதை மட்டும் திறந்து வையுங்கள். இருட்டின பிறகு அந்தக் காட்டில் சத்தம் அடங்குவதே இல்லை.

பகலில் துவாலாங் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மழைக்காட்டின் மிக உயரமான மரங்களில் ஒன்று, 80 மீட்டரையும் தொடும். அடிமரம் வழுவழுவென்று வெளிறி, கிளையே இல்லாமல் வெகு உயரம் போகும். மேலே கிளைகளுக்கு அடியில் மலைத்தேன் கூடுகள் கறுப்பாகத் தொங்கும்.

அட்டைக்கு வருவோம், அம்மாவுக்காக. இலை நுனியில் வாலை ஊன்றி நிமிர்ந்து நின்று, ஆள் வரும் பக்கம் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும்; தீக்குச்சியைவிட மெலிசு. கடித்தது பெரும்பாலும் தெரியாது. பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துப் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சொறியாமல் இருந்தால் போதும். முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறையும், அந்த ஊர்க்காரர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணியும் ஜெராந்துட்டில் மலிவாகக் கிடைக்கும். விலை உயர்ந்த மலையேற்ற ஷூவைவிட அந்தச் சேற்றில் அதுதான் வழுக்காமல் பிடிக்கும்.

அம்மா பயப்பட வேண்டியது வேறு ஒன்று. எலிக்காய்ச்சல். சேற்றிலும் ஆற்று நீரிலும் கிருமி இருக்கலாம், காலில் வெட்டுக்காயம் இருந்தால் உள்ளே போய்விடும். காயத்தை மூடிவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள். ஊர் திரும்பி மூன்று நாலு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "மலேசியாவில் காட்டாற்றில் குளித்தேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதே போல டெங்குவும் உண்டு, பகலிலேயே கொசு மருந்து தடவ வேண்டும்.

அந்தக் காட்டில் பாத்தேக் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஊதுகுழல் அம்பு எய்து காட்டும் சுற்றுலா ஒன்று உண்டு. போகலாம், ஆனால் ஒரு நிபந்தனை. 2019-இல் கிளந்தான் பக்கம் கோலா கோ கிராமத்தில் தட்டம்மை பரவிப் பத்துக்கும் மேற்பட்ட பாத்தேக் மக்கள் இறந்தார்கள். உங்களில் ஒருவருக்கு இருமல் சளி இருந்தாலும் அந்தக் குடியிருப்புக்குப் போகாதீர்கள். தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இப்போதே வீட்டில் விசாரியுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க வேண்டாம், கேட்காமல் படமும் எடுக்க வேண்டாம்.

காட்டிலிருந்து கடலுக்கு ரயிலில் போங்கள். கெமாஸிலிருந்து தும்பாட் வரை 526 கிலோமீட்டர், 1931-இல் முழுமையான பாதை. வேகம் கிடையாது, அதுதான் அழகு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆண்ட காலத்தில் இந்தப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே மாண்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது இதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நேர அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் வழிக்கென்று ஓர் இரவு ஒதுக்கச் சொன்னேன். கோத்தா பாருவுக்குப் பக்கத்தில் இறங்கி, வாடகைக் காரில் கோலா பெசுட் படகுத்துறை, அங்கிருந்து விரைவுப் படகில் அரை மணி முக்கால் மணி நேரம்.

பெர்ஹெந்தியானில் பெரியது, சின்னது என்று இரண்டு தீவுகள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், தீவில் ஏடிஎம்மை நம்பிப் போகக் கூடாது. உங்களில் யாருக்கு நீச்சல் தெரியும் என்று எழுதவில்லை. கண்மாயில் நீந்தியவனுக்கும் கடல் புதுசுதான். அலை இருக்கும், நீரோட்டம் இருக்கும். மிதவைச் சட்டை இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது. அதோடு முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்றுவதை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முதலில் பழகிக்கொள்ளுங்கள். பவளத்தின் மேல் கால் வைக்கவே வேண்டாம், அது உயிர். கடலுக்குள் ஆமை வந்தால் துரத்தாமல் ஒதுங்கி நில்லுங்கள்.

அந்தக் கரையில் ஆமைக்கு ஒரு துயரக் கதை இருக்கிறது. தெரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950-களில் வருஷத்துக்கு கடலாமைகளிலேயே பெரியதான தோணியாமையின் கூடுகள் ஏறக்குறைய பத்தாயிரம் இருந்தன. முட்டையை எடுத்துத் தின்றே, வலையில் சிக்கியே அந்த இனம் அங்கே இல்லாமல் போனது. இப்போது மிச்சம் இருக்கும் பச்சை ஆமைகளையாவது காப்பாற்ற 2022 ஜூன் முதல் எல்லா ஆமை முட்டை விற்பனையையும் அந்த மாநிலம் தடைசெய்திருக்கிறது. சந்தையில் யாராவது முட்டையை நீட்டினால் வாங்காதீர்கள். தீவில் ஆமைத் தொண்டும் உண்டு: ராத்திரி முழுக்க விளக்கில்லாமல் கரையில் ரோந்து, முட்டைகளைக் காப்பிடத்துக்கு மாற்ற உதவி, குறிப்பெடுப்பது. ஆனால் மூன்று இரவில் அதைச் செய்ய முடியாது, குறைந்தது ஒரு வாரமாவது இருக்க வேண்டும். உங்களுக்கு அதில்தான் ஆசை என்றால் கிராமத்தை விட்டுவிட்டு அந்த நாட்களையும் தீவுக்கே கொடுங்கள். தொண்டு ஒரே இடத்தில் இருக்கட்டும். இரண்டையும் தொட்டுவிட்டு வந்தால் இரண்டு இடத்துக்கும் பாரம்.

போர்னியோ தீவில் இருக்கும் சபா மாநிலத்துப் பக்கம் போகலாமா என்றும் ஒருவர் யோசனை சொன்னாராம். கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில் பத்து பூத்தே கிராமத்தார் கூட்டுறவாகவே ஹோம்ஸ்டே நடத்துகிறார்கள், விருந்தாளிகளோடு சேர்ந்து காட்டுமரக் கன்று நடுகிறார்கள். தொண்டும் காடும் பிரியாமல் இருக்கும் இடம் அது, என்னைக் கேட்டால் மலேசியாவிலேயே சிறந்தது. ஆனால் இன்னொரு விமானச் செலவு, சபாவின் கிழக்குக் கரைக்குப் பாதுகாப்பு எச்சரிக்கைகளும் உண்டு. வேலைக்குச் சேர்ந்து கையில் காசு வந்த பிறகு போங்கள்.

காகித விஷயம்: 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று மலேசியா சலுகை கொடுத்திருக்கிறது, உங்கள் தேதிக்கும் அது இருக்கிறதா என்று டிக்கெட்டுக்கு முன் பாருங்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். பயணக் காப்பீட்டில் கடல் விளையாட்டும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான். கிராமத்து ஒருங்கிணைப்பாளருக்கு எளிய ஆங்கிலத்தில் ஒரு கடிதம். நாலு பேர், இன்ன தேதி, நாலு இரவு. எங்களில் ஒருவனுக்கு மின்வயரிங் தெரியும், ஒருவனுக்குச் சமையல் தெரியும், இரண்டு பேருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும், என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஜூன் கடைசியில் உங்கள் ஊரில் என்ன வேலை நடக்கும், அதில் எங்களுக்கு இடம் உண்டா, இல்லையென்றால் சும்மா விருந்தாளியாக வரலாமா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.